ஒருங்கிணைந்த வயிறு

ரொட்டிக்கடைக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் அரசாங்கத்தின் உணவுப் பரிசோதனைக்கூடம். இந்தப் பக்கம் அடுப்பில் பன் வெந்தால் அந்தப் பக்கம் பரிசோதகர்களுக்கு வாயூறும். சாயங்காலமானால் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பார்கள். கடை மேல் யாராவது புகார் சொன்னால், உணவு ஆய்வாளர் ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடப்பார். இரண்டொரு நாளில் நல்லதா கெட்டதா என்று பதில் வந்துவிடும். அரசாங்க வேலை ஒன்று இவ்வளவு சுலபமாக நடந்தால் மேலே இருக்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதா? வந்தது.

நகரத்தில் இந்த மாதிரிக் கூடங்கள் அஞ்சு இருந்தன. சாப்பாட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, விதைக்கு ஒன்று, செங்கல் சிமெண்டுக்கு ஒன்று. அஞ்சும் அஞ்சு தெருவில். அஞ்சு வாட்ச்மேன், அஞ்சு பெயர்ப்பலகை, அஞ்சு சுவர்க்கடிகாரம். அஞ்சு கடிகாரமும் அஞ்சு வேறு வேறு மணி காட்டியது வாஸ்தவம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் சேர்த்தால் லாபம் என்ன, நஷ்டம் என்ன என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். குழு உட்கார்ந்தது எதிர்ப்பக்கத்து உணவுப் பரிசோதனைக்கூடத்தில். டீயும் பன்னும் கொண்டுபோனது நம்ம ரொட்டிக்காரர். ஆகையால் இது காதால் கேட்டது இல்லை, அவர் கண்ணால் பார்த்தது.

லாபத்தை எழுதுகிற வேலையைக் குழு தானே வைத்துக்கொண்டது. நஷ்டத்தை எழுதச் சொல்லிப் பரிசோதகர்களிடம் கொடுத்தது. அவர்களோ அப்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் இடம் மாறச் சொல்லி உத்தரவு முந்தின வாரமே வந்துவிட்டது. கடைசி நாள் லாபக் கட்டு தலையணை கனத்துக்கு வந்தது. நஷ்டம் ஒரே ஒரு தாள். குழுத்தலைவர் இரண்டையும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மாவு நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

“படிச்சா ஆளுக்கு ஒரு கருத்து வரும். எடை பொய் சொல்லாது” என்றார்.

லாபத் தட்டு டங்கென்று மேஜையில் இடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் இன்னொரு பன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் அவரே ஒருங்கிணைந்த பரிசோதனை வளாகத்துக்கு இயக்குநர் ஆனார்.

ரொட்டிக்காரருக்கு நாலு வாடிக்கையாளர் போனதே என்ற வருத்தம், அவ்வளவுதான். யாரோ எங்கேயோ போனால் நமக்கென்ன என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி நினைக்கிறவன் தலையில்தானே முதல் இடி விழும்.

பக்கத்துக் கடை சைக்கிள் ரிப்பேர். சைக்கிள்காரருக்கு ஒரே பெண், இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் ரொட்டிக்கடைக்குத்தான் ஓடி வருவாள். “மாமா, க்ரீம் பன்” என்று கையை நீட்டினால் ரொட்டிக்காரர் இருப்பதிலேயே பெரிசாகப் பார்த்து எடுப்பார். ஒரு நாள் அப்படி வாங்கித் தின்றுவிட்டுப் போன பிள்ளை, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பாட்டில் ஏற்றினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது முகம் சுண்டிப்போய், கால் குச்சியாகி, பார்க்கவே முடியவில்லை.

சைக்கிள்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. கைக் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து கடை வாசலில் நின்றார்.

“அண்ணே, நான் சண்டைக்கு வரலை. உங்க பன்னாலயா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

ரொட்டிக்காரர் அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. வந்ததும் க்ரீமை எடுத்து மோந்து பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணும் அன்றைக்குப் பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் குடித்திருக்கிறாள், தெருவில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறாள். எது செய்த வேலை என்று யார் கண்டார்கள்?

“தெரியலை தம்பி. பரிசோதனைக்கு அனுப்பிட்டா தெரிஞ்சுடும்” என்றார்.

“தெரிஞ்சதும் சொல்லுங்க” என்று சைக்கிள்காரர் திரும்பிப் போனார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் முகம் கொடுக்கவில்லை.

“மோந்து பார்த்தேன்டி, வாடையே இல்லை” என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

“மூக்குக்கு என்னங்க தெரியும்? சளி பிடிச்சா அதுவும் லீவு போட்டுடும்” என்றாள் மனைவி. அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

உணவு ஆய்வாளர் வந்தார். மிச்சமிருந்த தட்டிலிருந்து ஒரு க்ரீம் பன்னை எடுத்துப் பையில் போட்டார். கடைக்குச் சீல் வைத்தார். “கவலைப்படாதீங்க, ரிப்போர்ட் வந்த மறு நிமிஷம் நானே வந்து உடைக்கிறேன்” என்றார். பழக்கதோஷம், பையோடு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் பூட்டுப் போட்ட கேட்டின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். அப்புறம்தான் வளாகம் ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

“வேன் ஒண்ணு கொடுத்திருக்காங்க. முந்தி அஞ்சு வேன், இப்ப ஒண்ணு. ஆனா அது நிறைஞ்சாத்தான் கிளம்பும். அரைகுறையா ஓடினா பெட்ரோல் வீண் இல்லையா?” என்றார்.

வேன் நிறைகிற வரைக்கும் பன் அவருடைய ஆபீஸ் அலமாரியில் இருந்தது. வேனா, சட்டென்று நிறைகிற ஜாதியில்லை. வெயிலும் போய் மழையும் வந்துவிட்டது. அதற்குள் ரொட்டிக்காரர் ஆய்வாளரின் ஆபீசுக்கு நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது. தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விஷம் வைத்தான் என்று சொன்னவர்கூட உண்டு. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். சைக்கிள்காரர் பெண் கடை வாசலைத் தாண்டும்போது அப்பன் அவள் தோளைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்புவார் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒருவழியாக வேன் கிளம்பியது என்று கேள்விப்பட்டு அவரும் வளாகத்துக்குப் போனார். கண்ணாடிச் சுவர், வழவழத் தரை, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் வரிசை. சிமெண்ட் மூட்டையோடு ஒரு காண்டிராக்டர், பால் கேனோடு ஒரு பால்காரர், இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு மருந்துக்கடைக்காரர், விதை நெல்லோடு ஒருவர். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி எல்லோரும் ஒரே கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள்.

“உங்க மாதிரி என்ன? திடமா, திரவமா?” என்றது ஜன்னல்.

“க்ரீம் பன்னுங்க.”

“அது எந்தப் பிரிவுலயும் இல்லை. திடமா, திரவமா?”

“பன்னு திடம்தான். க்ரீம் வந்து… ஒரு மாதிரிங்க.”

“ஒரு மாதிரிக்கு இங்கே இடம் இல்லை” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வேனில் வந்த பன்னைப் பிளந்தது. பன் மாடிக்குப் போனது, க்ரீம் கீழ்த்தளத்துக்குப் போனது. கல்யாணமாகி வந்த ஜோடியைப் பிரிப்பதைப் பார்க்கிற மாதிரி ரொட்டிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு இயக்குநர் பொதுமக்களிடம் பேசுகிற நாளாம். வரிசையில் நின்றவர்களை அப்படியே அரங்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள்.

“முன்னாடி எப்படி இருந்துச்சு?” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “அஞ்சு இடத்துல அஞ்சு விதமாத் தப்பு நடந்துச்சு. எந்தத் தப்பு எங்கே நடந்ததுன்னு மேலிடத்துக்கே தெரியாது. இப்போ ஒரே இடத்துல, ஒரே விதமா நடக்குது. இதுக்குப் பேர்தான் சீரான தரம். முந்தி ரிப்போர்ட்டை ரெண்டு நாள்ல கொடுத்துடுவாங்க. அவசரத்துல கொடுத்தா அதுல என்ன மதிப்பு இருக்கும்? இப்ப மாசக்கணக்குல யோசிச்சுக் கொடுக்கிறோம். அதுவும் பாருங்க, நாங்க இங்கே வந்த பிறகு ஒரு புகாரும் வரலை. புகார் வாங்குற ஆளை நிறுத்தினோம், அவ்வளவுதான். எத்தனை மிச்சம்!”

பால்காரரின் கேனில் இருந்த பால் அதற்குள் திரிந்துவிட்டிருந்தது. கேனை அவர் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் ரொட்டிக்காரர் கூட்டத்தில் இடித்துப் பிடித்து முன்னால் போய் நின்றார். இயக்குநருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது, பன் சாப்பிட்ட வாயாயிற்றே. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அங்கேயே போன் போட்டு மாடியில் விசாரித்தார். விசாரித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“கையைக் கொடுங்க. உங்க பன்னு பாஸ்.”

ரொட்டிக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “அப்ப கெட்டுப்போகலையா சார்?”

“கெட்டுப்போறதா? சிமெண்ட் பிரிவுல அமுக்கிப் பார்த்திருக்காங்க. செங்கல்லு உடைஞ்சுது, உங்க பன்னு உடையலை.”

“பன்னை எதுக்கு சார் அமுக்கினாங்க?”

“எல்லா மாதிரிக்கும் எல்லாச் சோதனையும் உண்டு. இங்கே பாகுபாடே கிடையாது. காலையில இருமல் மருந்தைக்கூட அமுக்கினாங்க.”

“அது காய்ஞ்சுபோன பன்னு சார். அலமாரியிலேயே கிடந்து கல்லாயிடுச்சு.”

“அதை ரிப்போர்ட்ல போட வேண்டாம்னு சொல்லிடுறேன், பயப்படாதீங்க” என்று இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “விதைப் பிரிவுலயும் பாஸ். தொட்டியில ஊன்றி வெச்ச உடனேயே பச்சையா முளைச்சிருக்காம்.”

“அது பூசணம் சார்.”

“பூசணத்தைப் பத்திப் பேச விதைப் பிரிவுக்கு அதிகாரம் இல்லையே. முளைச்சுதா, முளைக்கலையா? முளைச்சிருக்கு.”

ரொட்டிக்காரர் அந்த நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார். அந்த க்ரீம்ல கிருமி இருந்துச்சா, இல்லையா? ஒரு பிள்ளை படுத்துடுச்சு. அது என்னாலயான்னு தெரியாம நான் தினம் செத்துக்கிட்டிருக்கேன்.”

“கிருமி பார்க்கிற மெஷின் சாப்பாட்டுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணுன்னு ரெண்டு இருந்துச்சு. ரெண்டு எதுக்குன்னு ஒண்ணை வித்தோம். மிச்சம் இருக்கிறது புதுக் கட்டடத்துக் கதவுல நுழையலை. வெளியிலதான் நிக்குது, தார்ப்பாய் போட்டு நல்லா மூடி வெச்சிருக்கோம். கொஞ்ச நாள் பொறுங்க, வேற வழி ஒண்ணு யோசிச்சிருக்கேன்.”

அந்த வழியைப் பார்க்க அவர் மறுபடியும் இரண்டு பஸ் மாறிப் போனபோது, வளாகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பீப்பாய் நின்றது. அதில் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்கள், பால் ஊற்றினார்கள், இருமல் மருந்து ஊற்றினார்கள், ஒரு கை சிமெண்ட் போட்டார்கள், விதை நெல்லைத் தூவினார்கள். கடைசியில் ஒரு கரண்டியில் அவருடைய க்ரீம் வந்தது. அதன் நிறத்தைப் பற்றி நான் எழுதவில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் இருவர் துடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக் கலக்கினார்கள். முந்தி சாயங்காலம் பன் வாங்க வருகிறவர்கள்தான் அவர்கள். ரொட்டிக்காரரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“கூடத்தை ஒண்ணாக்கினோம், வேனை ஒண்ணாக்கினோம். மாதிரியை மட்டும் எதுக்குத் தனித்தனியா வெச்சு அழணும்?” என்றார் இயக்குநர். “ஒரே கலவை, ஒரே சோதனை, ஒரே ரிப்போர்ட். ஒண்ணு கொஞ்சம் மோசமா இருந்தாலும் இன்னொண்ணு தூக்கிக் கொடுத்துடும். கூட்டுக் குடும்பம் மாதிரி.”

ரிப்போர்ட் வந்தது. நகரத்தில் மாதிரி கொடுத்த அத்தனை பேருக்கும் அதே ரிப்போர்ட். ‘கலவையின் பொதுத்தரம் சராசரியாகத் திருப்திகரம்.’ காண்டிராக்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். ஆய்வாளர் சொன்ன சொல் தவறாமல் வந்து சீலை உடைத்தார். ரொட்டிக்காரர் தாளை எடுத்துக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனார். சைக்கிள்காரர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தார்.

“இதுல என் பொண்ணு எங்கேண்ணே இருக்கா?”

ரொட்டிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கடை திறந்ததே தவிர ஈ காக்கை வரவில்லை. முதல் நாள் சுட்டதெல்லாம் தட்டிலேயே ஆறியது. இரண்டாம் நாள் காலையில் அவர் ஒரு காரியம் செய்தார். ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டு, தெரு பார்க்க உட்கார்ந்து, அடுப்பிலிருந்து எடுத்ததில் ஒரு க்ரீம் பன்னைத் தானே தின்றார். மத்தியானம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான பிறகுதான், “இனிமே வாங்கலாம்” என்றார். மறுநாளும் அப்படியே. ரொட்டிக்காரருக்குக் கழன்றுவிட்டது என்று முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் வாங்கினார், இருவர் வாங்கினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? பால்காரர் ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அண்ணே, இதையும் ஒரு வாய் பார்த்துச் சொல்லுங்க. வளாகத்துல கொடுத்தா தயிராத்தான் திரும்பி வருது.”

“இவர் வயிறு என்ன ஊர்ப் பொதுச் சொத்தா?” என்று மனைவி சண்டைக்குப் போனாள். அதற்குள் அவர் குடித்துவிட்டார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். பால்காரர் பதறிப்போய் அத்தனை பாலையும் சாக்கடையில் கொட்டினார். தெருவில் எந்தப் பிள்ளையும் அந்தப் பாலைக் குடிக்கவில்லை. ரொட்டிக்காரர் படுத்துக் கிடந்தபோது யாரோ உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். டம்ளரில் கிரீஸ் விரல் தடம் இருந்தது.

எழுந்த மறுநாளே மறுபடியும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். இந்தச் சேதி மேலே போகாமல் இருக்குமா? ஒரு நாள் காலையில் ஆய்வாளரும் இயக்குநரும் காரில் வந்து இறங்கினார்கள். ரொட்டிக்காரர் அன்றைய பன்னை இன்னும் வாயில் வைக்கவில்லை. தெரு கூடிவிட்டது. ஆய்வாளர் உத்தரவை எடுத்துப் படித்தார்.

“மேற்படி தெருவில் அனுமதியின்றித் தனியாக ஒரு பரிசோதனைக்கூடம் இயங்கி வருவது கவனத்துக்கு வந்துள்ளது. அது மேற்படி ரொட்டிக்கடைக்காரரின் வயிறு ஆகும். அந்த வயிறு இன்று முதல் தலைமை வளாகத்துடன் ஒருங்கிணைக்கப்படுகிறது.”

மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “என்னங்க, ஆபரேஷனா?”

“அதெல்லாம் இல்லைம்மா. வயிறு அவர்கிட்டேயே இருக்கலாம், நாங்க அவ்வளவு மோசம் இல்லை” என்றார் இயக்குநர். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “தெருவுக்கு ஒரு வயிறுன்னு வெச்சா நகரம் தாங்குமா? யோசிச்சுப் பாருங்க. ஒரே வயிறு, ஒரே இடம். இனிமே இவர் தினம் காலையில வளாகத்துக்கு வந்து பீப்பாயிலேருந்து ஒரு கரண்டி சாப்பிடுவார். நகரம் முழுக்க ஒரே நேரத்துல சோதிச்ச மாதிரி ஆயிடும். இங்கே அவர் தன்னிச்சையா எதையும் தின்னு பார்க்கக் கூடாது. ஒரே வயித்துல ரெண்டு ஆபீஸ் நடத்துறது விதிக்கு விரோதம்.”

பேசிப் பேசி அவருக்குப் பசித்துவிட்டது. பழைய ஞாபகத்தில் தட்டுக்குக் கை போனது. ஒரு க்ரீம் பன்னை எடுத்து, வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், நிறுத்தினார்.

“இது நீங்க பார்த்ததுதானே?”

“எங்கே சார் பார்க்கிறது? என் வயித்தைத்தான் இப்ப நீங்க எடுத்துக்கிட்டீங்களே” என்றார் ரொட்டிக்காரர். “நாளைக்கு வேன்ல போட்டு அனுப்பி வைக்கிறேன். உங்க ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் சாப்பிடுங்க.”

இயக்குநர் பன்னை ஒரு தரம் பார்த்தார், ஆய்வாளரை ஒரு தரம் பார்த்தார். ஆய்வாளர் காரைப் பார்த்தார். பன் திரும்பத் தட்டுக்கே வந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் சைக்கிள்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி வந்தார். பெண்ணும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். இயக்குநர் வைத்த அதே பன்னை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை வாயில் போட்டு நிதானமாக மென்றார். மறு பாதியை ஒரு தாளில் சுற்றிப் பெண் கையில் கொடுத்தார். காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெரு பார்க்க உட்கார்ந்தார்.

“உத்தரவு அண்ணன் வயித்துக்குத்தானே சார்?” என்றார். “என் வயித்துக்கு இல்லையே.”

ஆய்வாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இயக்குநர் காதோடு சொன்னது எல்லோருக்கும் கேட்டது: “இதுக்கும் ஒரு குழு போடணும்யா.” கார் கிளம்பிப் போனது.

ரொட்டிக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி மூக்கை உறிஞ்சினார். “தம்பி, அன்னைக்கு என்னாலயா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாதுப்பா” என்றார்.

“எனக்கும் தெரியாதுண்ணே. இனிமே தெரியப்போறதும் இல்லை” என்றார் சைக்கிள்காரர். “மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன். அதுக்கப்புறம் பொண்ணு சாப்பிடட்டும்.”

பெண் அப்பாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டு தாளைக் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்தாள், மறுபடியும் மூடினாள்.

“அப்பா, மத்தியானம் ஆயிடுச்சா?” என்றாள்.